‘கடுமையான தண்டனை வேண்டுமா?’ என்று கேட்காதீர்கள்

கருத்துக்கணிப்பு எடுக்கப் போய், பாலாற்றங்கரை ஊர் எதிலாவது நின்று, "ஆற்றைக் கெடுப்பவர்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். அதை வைத்து 'மக்கள் கடுமையை விரும்புகிறார்கள்' என்று அறிக்கை எழுதினால், உங்கள் கேள்வியையே நீங்கள் திருப்பி எழுதியதாக ஆகும்.

'தண்டனை' என்ற சொல்லே வழுக்கும். அபராதம், ஆலையை மூடுவது, ஜெயில், இழப்பீடு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே நஷ்டஈடும் சீரமைப்புச் செலவும் தர வேண்டும் என்றும் சொன்னது. நஷ்டஈட்டுக்குத் தலையாட்டுபவர், மகன் வேலை பார்க்கும் டேனரியை மூடவும் தலையாட்டுவாரா?

அதனால் ஒரு சின்னக் கதையாகக் கேளுங்கள். "ஒரு டேனரி இரவில் கழிவுநீரை ஓடையில் விட்டது. பிடிபட்டது இரண்டாம் தடவை. அங்கே 120 பேருக்கு வேலை. என்ன செய்யலாம்?" இன்னொருவரிடம் இதையே 'முதல் தடவை' என்று மாற்றுங்கள். வேறொருவரிடம் 'மோட்டார் பழுதானதால் வழிந்தது' என்று. யாருக்கு எந்தக் கதை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் மக்கள் எதை எடைபோடுகிறார்கள் என்று தெரியும்.

"எத்தனை ரூபாய் போடலாம்?" என்று வெறுமனே கேட்டால் ஒருவர் ஐயாயிரம் என்பார், ஒருவர் ஐந்து கோடி என்பார். சராசரி எடுத்துப் பயனில்லை. ஆற்றைக் கெடுப்பதை மணல் திருட்டு, கலப்படப் பால் இவற்றோடு சேர்த்து, எது பெரிய குற்றம் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

சட்டத்தை முதலிலேயே விளக்கிவிடுவதும் தவறு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அதற்குப் பதில் 10,000 முதல் 15 லட்சம் வரை அபராதம். இது பலருக்குத் தெரியாது. என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் என முதலில் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள், மறுபடியும் கேளுங்கள்.

டேனரி ஊர்களில் கேட்க 'வேலூர் மாவட்டம்' என்ற பட்டியலோடு கிளம்புபவர்களும் உண்டு. 2019 பிரிவினைக்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். இந்த ஊர்களில் பேரணாம்பட்டுதான் கையில் மிஞ்சும்!

கம்பெனி கேட் எதிரே டீக்கடையில், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, தொழிலாளி ஒருவர் "உங்களுக்கு எது தோணுதோ எழுதிக்கோங்க" என்றால் அதைத் 'தெரியாது' கட்டத்தில் போடாதீர்கள். 'சொல்ல விரும்பவில்லை' என்று தனிக் கட்டம் வையுங்கள். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பாருங்கள்.