பாட்டி பிறந்த தோட்டத்தைத் தேடி மலையகம் வருவோருக்கு: வீசாவும் பாதுகாப்பும்

இலங்கையும் இந்தியாவும் 1964 ஆம் ஆண்டில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டி தேயிலைக் கொழுந்தெடுத்த மலையைப் பார்க்க நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கம் வருகிறார்கள். உறவு எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும் குடிவரவு அதிகாரியின் முன் அவர்கள் வெளிநாட்டவர்களே. இங்கேயே பிறந்து, பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்ற முதியவருக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இ.டி.ஏ. எனப்படும் இலத்திரனியல் பயண அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருவோருக்கும் இது வேண்டும். சுற்றுலா அனுமதி 30 நாட்களுக்கானது. கடவுச்சீட்டு, வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். விண்ணப்பம் செய்யும் தளத்தின் முகவரி ‘கவ் டொட் எல்.கே.’ (gov.lk) என முடிகிறதா என்று பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பா மகன், தேடியவுடன் முதலில் வந்த ஒரு தளத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டி, அரசு அப்போது கேட்டதைப் போல் இரு மடங்கு கொடுத்துவிட்டார். அனுமதி கைக்கு வந்ததே பெரிய விஷயம் என்று அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. தங்கும் நாட்களை நீடிக்க விரும்பினால், காலம் முடிவதற்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா அனுமதியில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது.

வீசாவுக்குத் தேவைப்படாவிட்டாலும், பழைய குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு வாருங்கள். நம் மக்கள் வழங்கும் தோட்டப் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் பல இடங்களில் வேறுபடுவதால், "மேல்கணக்கு லயத்தில்" (தோட்டத்தின் மேற்பிரிவில் உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில்) "இருந்தோம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். தோட்டம் கம்பனியின் பொறுப்பில் இருக்கும் இடமாகையால், முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மலைக்குள் போவதுதான் முறை.

அந்தத் துணை மரியாதைக்காக மட்டுமல்ல. தேயிலை மலையில் சிறுத்தையை நினைத்துப் பயப்படுபவர்கள், மரத்திலும் பாறை இடுக்கிலும் தொங்கும் குளவிக் கூட்டைக் கவனிப்பதில்லை. குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்படுவதும், சில வேளைகளில் உயிரிழப்பதும் இங்கு அடிக்கடி கேட்கும் செய்தி. கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பது கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் படம் எடுப்பதற்காகக் கூடப் போகக்கூடாது. வாசனைத் திரவியத்தைத் தவிர்த்துவிடுங்கள். கூடு கலைந்துவிட்டால் கையை வீசி விரட்டாமல், முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு ஓடி, ஏதாவது கட்டடத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்த வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ தெரிந்தால் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அது கட்டணமில்லாத அம்பியூலன்ஸ் சேவை. அட்டைக்கடி அப்படி ஆபத்தானதல்ல. காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் போதும்.

மழையை மட்டும் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவால் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். விடுதிக்குக் கட்டிய பணம் போகிறதே என்று தங்கிவிடக் கூடாது. சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அறிவிப்புக்கும் காத்திராதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழையும், பதுளைப் பக்கத்தை வடகிழக்குப் பருவமழையும் அதிகம் நனைப்பதால், முதன்முறை வருவோருக்கு பெப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் சொல்வேன்; ஆனால் அப்போதும் நுவரெலியாவில் இரவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும்.

இந்தியச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கு வாகனம் ஓட்ட முடியாது. தற்காலிக அனுமதி பெற வேண்டும். அனுமதி இருந்தாலும் மலைப்பாதை பழகிய சாரதி ஒருவரையே அமர்த்துங்கள். 2025 மே மாதம் றம்பொடை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாலையில் மூடுபனி இறங்கினால் வளைவுக்கு அப்பால் வருவது எதுவென்று தெரியாது. ஆகவே, எங்கே போவதானாலும் நான்கு மணிக்குள் தங்குமிடம் வந்து சேரும்படி புறப்படுங்கள்.