பந்தைப் பிடித்த பிறகு: கல்லூரி ரிசீவர்களை டிராஃப்டுக்கு முன் எடைபோடுவது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் மாதக் கடைசியில் வருகிறதென்றால், பிப்ரவரியிலேயே அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் பலருக்கும் தேர்வாளர் வேடம் போடும் ஆசை வந்துவிடும். அந்த ஆசை உள்ள புதியவர்களுக்கு நான் காட்டும் நுழைவாசல் ஒன்றுதான்: ரிசீவர்கள், அதாவது எறியப்படும் பாஸைப் பிடிப்பவர்கள், பந்தைப் பிடித்த பிறகு ஓடும் ஓட்டம்.

காரணம் எளியது. ஒரு ரிசீவர் ரூட் (பாஸைப் பெற முன்கூட்டியே வகுத்த பாதை) ஓடும் திறமையைச் சரியாக மதிப்பிட வேண்டுமானால், களத்தில் உள்ள 22 பேரும் தெரியும் உயரக் கேமராப் பதிவு வேண்டும். கல்லூரி ஆட்டங்களுக்கு அது வெளியாட்கள் கைக்கு எளிதில் வராது. ஆனால் பந்து கைக்கு வந்த பிறகு நடப்பதை டிவி கேமரா விடாமல் துரத்துகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கும் பயிற்சியாளருக்கும் ஏறக்குறைய ஒரே காட்சிதான்.

பார்க்கும்போது ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த யார்டுகளில் எத்தனை அவருக்குக் கொடுக்கப்பட்டவை, எத்தனை அவர் சம்பாதித்தவை?

படி 1: ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு முழு ஆட்டங்கள் போதும். பருவத்தில் அவர் சந்தித்த மிக வலுவான தற்காப்பு அணிக்கு எதிரான ஆட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அவர் அடங்கிப்போன ஆட்டம் ஒன்றும் வேண்டும். சிறந்த காட்சிகளை வெட்டி ஒட்டிய வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் யாருமே டேக்கிள் ஆவதில்லை, அதாவது எதிராளியால் மடக்கி வீழ்த்தப்படுவதில்லை.

சிறிய கல்லூரி ஆட்டக்காரர் என்றால் பெரிய அணியோடு மோதிய ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். கூப்பர் கப் என்ற ரிசீவர் ஆடியது ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் தட்டுப் பிரிவில். ஆனால் 2015-இல் ஓரிகன் அணிக்கு எதிராக அவர் 15 பந்துகளைப் பிடித்து 246 யார்டு எடுத்தார். அந்த ஒரு பதிவு, மற்ற வாரங்களின் எண்களைவிட அதிகம் பேசியது.

படி 2: சராசரியை உடையுங்கள்

பிடித்த இடத்திலிருந்து விழுந்த இடம் வரை உள்ள தூரம்தான் ‘யாக்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் கணக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. பந்தை வைத்து ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்கு 4 யார்டு பின்னால், முன்னே தடுப்பவர்களை நிறுத்தி எறியும் குறுகிய ஸ்கிரீன் பாஸைப் பிடித்து, அந்தக் கோட்டிலேயே ஒருவர் விழுந்தால் அணிக்குக் கிடைத்தது பூஜ்யம். ஆனால் அவர் கணக்கில் 4 யார்டு ஏறிவிடும்!

அதனால் முதல் வேலை, ஸ்கிரீன் பாஸ்களைத் தனியாகப் பிரிப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் ரிசீவர் 60 பந்துகளைப் பிடித்து, பிடித்தபின் 540 யார்டு ஓடினார் என்று வைத்துக்கொள்வோம், சராசரி 9. இரண்டாமவர் அதே 60 பந்துகளுக்கு 420, சராசரி 7. பார்த்தவுடன் முதலாமவர்தான் என்று தோன்றும். அவருடைய 60-இல் 25 ஸ்கிரீன் பாஸ்கள், அவற்றில் வந்தவை 300 யார்டு. இரண்டாமவருக்கு 5 ஸ்கிரீன்கள், 40 யார்டு. கழித்துவிட்டால் முதலாமவருக்கு 35 பந்துகளில் 240, இரண்டாமவருக்கு 55-இல் 380. சராசரி இருவருக்கும் 6.9! எட்டிப் பார்க்காதவர்கள் இரண்டு யார்டு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

ஸ்கிரீனில் ஓடியது திறமையே அல்ல என்று நான் சொல்லவில்லை. முன்னால் தடுப்பவர்களை நம்பி அரை நொடி பொறுப்பதும் ஒரு கலைதான். தனிப்பத்தியில் எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவே.

படி 3: களமும் விதிகளும் கொடுத்ததைக் கழியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. இரண்டு களங்களும் 160 அடி அகலம்தான். ஆனால் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி இடைவெளி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் அகலமான பக்கத்தில் 100 அடி திறந்து கிடக்கும். தொழில்முறைக் களத்தில் அது 90 அடிக்கும் குறைவு. ஒரு பக்க எல்லைக்கோடு குறுகிய மைதானத்தில் அடித்த சிக்ஸரை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் அகலமான பக்கத்தில் கிடைத்த 15 யார்டையும் பார்க்க வேண்டும். குறுகிய பக்கத்தில், பக்கக்கோடு நெருக்கும்போது எடுத்த 6 யார்டுக்கு என்னிடம் மதிப்பு அதிகம்.

விதிகளும் கல்லூரி ரிசீவருக்குச் சாதகம். ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னால் பிடிக்கப்படும் பாஸ் என்றால், பந்து வந்து சேரும் முன்பே சக ஆட்டக்காரர்கள் முன்னே சென்று தடுக்கலாம். என்.எஃப்.எல்.லில் அப்படித் தடுத்தால் அபராதம். இந்தச் சலுகையில் பிறந்த யார்டுகள் மேல்தளத்துக்குக் கூடவே வராது.

படி 4: பிடித்த கணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

இங்கே நேரத்தைக் கொட்டலாம். வீடியோவைக் கால் வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு ஸ்லாண்ட் ரூட்டை எடுத்துக்கொள்வோம். ரிசீவர் உள்பக்கமாகச் சாய்வாக வெட்டி வருகிறார். அவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் இடுப்போடு ஒட்டி வருகிறார். தற்காப்பின் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி பன்னிரண்டு யார்டு தூரத்திலிருந்து பாய்ந்து வருகிறார்.

முதலில் கைகள். உடலுக்கு வெளியே விரல்களால் பிடிக்கிறாரா, மார்பில் அணைத்துப் பிடிக்கிறாரா? மார்பில் அணைப்பவரின் தோள்கள் பந்தை எறிந்த குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பியபடியே ஒரு கணம் உறைந்துவிடும். விரல்களால் பிடிப்பவர் அதே கணத்தில் தோளைத் திருப்பிவிடுவார்.

பிறகு பாதங்கள். பந்து கையில் பட்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுங்கள். மூன்றாவது அடி எதிரணியின் எல்லையை நோக்கி இருக்க வேண்டும். அதற்குள் நான்கைந்து குட்டி அடிகள் வைத்து நின்ற இடத்திலேயே ஆடுகிறார் என்றால் சிவப்பு மையில் குறியுங்கள். கல்லூரியில் அந்த ஆட்டம் இரண்டு பேரை ஏமாற்றும்; என்.எஃப்.எல்.லில் அதற்குள் நான்கு பேர் சூழ்ந்துவிடுவார்கள்.

அடுத்து, பிடிப்பதற்குச் சற்று முன் தலை எங்கே திரும்பியது? நல்ல ஓட்டக்காரர்கள் சேஃப்டி எந்தக் கோணத்தில் வருகிறார் என்பதை ஏற்கெனவே பார்த்துவைத்திருப்பார்கள். அந்தக் கோணத்துக்கு எதிர்த்திசையில் முதல் அடி விழும். கடைசியாகப் பந்து எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள்: துரத்துபவருக்கு எட்டாத பக்கக் கையில் இருப்பது நல்லது.

பந்து எறியப்பட்ட விதத்தையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். ஓட்டம் குலையாமல் நெஞ்சுக்கு நேரே வந்த பந்தா, முதுகுக்குப் பின்னால் வந்ததா? துல்லியமான குவார்ட்டர்பேக்கோடு ஆடுபவரின் யாக் எண்ணில் அந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

படி 5: தவறிய டேக்கிள்களைத் தரம் பிரியுங்கள்

எத்தனை டேக்கிள்களிலிருந்து தப்பினார் என்ற மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. மூன்று வகையாகப் பிரிப்பேன். ஓடும் வேகத்தால் எதிராளியின் கை எட்டாமல் போனது, ஏமாற்றி விலகியது, மோதலைத் தாங்கி நின்றது. மூன்றாவது வகைதான் அடுத்த தளத்துக்கு நம்பிப் பயணப்படும். மோதும் கணத்தில் இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, கால்கள் நிற்காமல் இயங்குகின்றனவா, விழும்போது முன்னோக்கி விழுகிறாரா என்று பாருங்கள்.

பழகுவதற்கு ஏற்ற பதிவு, 2019 அக்டோபரில் டல்லாஸில் ஓக்லஹோமாவும் டெக்சாஸும் மோதிய ஆட்டம். ஓக்லஹோமாவின் ரிசீவர் சீடீ லாம்ப் 10 பந்துகளில் 171 யார்டும் 3 டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லையைத் தொடுவது) எடுத்தார். அவற்றில் 51 யார்டு டச்டவுன் ஒன்று இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எந்த டிஃபென்டர் எந்த வகையில் தோற்றார் என்று ஒவ்வொருவராக எழுதிப் பாருங்கள். இந்தப் படி உங்களுக்குக் கைவந்துவிடும்.

எச்சரிக்கைக்கு டவான் ஆஸ்டின். 2012-இல் வெஸ்ட் வர்ஜீனியாவுக்காக ஓக்லஹோமாவுக்கு எதிராக அவர், பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங்பேக் இடத்தில் நின்று ஓடியே 344 யார்டு எடுத்தார். திறந்த வெளியில் அவரைத் தொட ஆளில்லை. 2013 டிராஃப்டில் ராம்ஸ் அணி 8-ஆவது தேர்வாக எடுத்தது. ஆனால் என்.எஃப்.எல்.லில் ஒரு பருவத்தில்கூட அவருடைய ரிசீவிங் 600 யார்டைத் தொடவில்லை. முதல் இரண்டு வகையில் உச்சம், மூன்றாவது வகையில் குறைவு. அப்படிப்பட்ட சிறிய உடல்காரருக்கு வெளி சுருங்கும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

படி 6: பந்து வேறு வழியில் வந்த தருணங்கள்

கிக்காஃப் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது), கையில் கொடுத்து ஓடவிட்ட ஆட்டங்கள் இவற்றையும் சேருங்கள். ரிசீவர் டீபோ சாமுவேல் சௌத் கரோலினா பல்கலைக்கழகத்தில் கிக்காஃப் ரிட்டர்னில் 4 டச்டவுன்கள் எடுத்திருந்தார். 2019-இல் 36-ஆவது தேர்வாக அவரை எடுத்த சான்பிரான்சிஸ்கோ அணி, 2021-இல் அவரை ரிசீவராகவும் ரன்னிங்பேக்காகவும் ஆடவிட்டது. பாஸ் பிடித்து 1405 யார்டு, ஓடி 365 யார்டு.

படி 7: கம்பைனுக்கு முன்பே எழுதிவிடுங்கள்

பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு வருபவர்களின் உடல்திறனை அளக்கும் முகாம், தொடங்கும். 40 யார்டு ஓட்டத்தின் நேரம் வெளிவந்துவிட்டால் யாராலும் பழைய கண்ணோடு வீடியோ பார்க்க முடியாது. எனவே உங்கள் மதிப்பெண்ணை அதற்கு முன்பே தேதியிட்டு எழுதுங்கள்.

2019-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டி.கே. மெட்காஃப் 4.33 நொடியில் ஓடி எல்லோர் கண்ணையும் இழுத்துக்கொண்டார். ஏ.ஜே. பிரவுன் 4.49. இருவரும் நட்சத்திரங்கள் ஆனார்கள் என்பது உண்மை. ஆனால் பிடித்தபின் ஓட்டம் என்ற ஒரு கேள்விக்கு, பிரவுனின் கல்லூரிப் பதிவுகளில் இருந்த விடையை 40 யார்டு ஓட்டத்தால் காட்ட முடியவில்லை. 226 பவுண்டு உடலோடு குறுக்கு ரூட்டுகளில் பந்தைப் பிடித்து மோதித் தள்ளியவர், முதல் பருவத்திலேயே 52 பந்துகளில் 1051 யார்டு எடுத்தார். முன்பு சொன்ன கூப்பர் கப்பின் 40 யார்டு நேரம் 4.62, 2021-இல் அவர் எடுத்தது 1947 யார்டு.

கம்பைனிலிருந்து நான் எடுத்துக்கொள்வது எடையும் முதல் 10 யார்டு நேரமும் மட்டும். அவை பழைய மதிப்பெண்ணோடு மோதினால் மதிப்பெண்ணை உடனே மாற்றாமல் வீடியோவுக்குத் திரும்புங்கள். குறிப்பு இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும்: “ஸ்கிரீன் நீங்கலாக 6.9. மூன்றாவது அடியில் நேராகிறார். கையால் பிடித்து இழுப்பவர்களை உதறுகிறார், தோளால் மோதுபவர்களிடம் விழுகிறார். குறுகிய பக்கத்தில் சாதாரணம். குறுக்கு ரூட்டுகளை அதிகம் அழைக்கும் அணிக்கு இரண்டாம் சுற்று, மற்றவர்களுக்கு மூன்றாம் சுற்று.”