இங்கிலாந்தின் இடைக்காலப் பிரபுக் குடும்பம் வரை கொடிவழியைத் தேடிச் செல்வது எப்படி?

2016ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சியின் குடும்ப வரலாற்று நிகழ்ச்சி ஒன்றில், கிழக்கு லண்டனின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த நடிகர் டேனி டையர், தாம் மன்னர் மூன்றாம் எட்வர்டின் (1312–1377) வழியில் வந்தவர் என்பதை அறிந்துகொண்டார். அந்தச் சங்கிலியின் மேற்பகுதியைக் கவனித்துப் பார்ப்பது இந்தத் தேடலில் இறங்க நினைக்கும் எவருக்கும் பயன்படும். எட்வர்டின் மகன் லயோனல். அவர் மகள் பிலிப்பா. அவர் மகள் எலிசபெத் மார்ட்டிமர். அவர் மகள் எலிசபெத் பெர்சி. அவர் மகள் மேரி கிளிஃபர்டு. அவர் மகன் ஹென்றி வென்ட்வொர்த். அவர் மகள் மார்ஜரி. அவர் மகள் எலிசபெத் சீமோர். இந்த எலிசபெத்தை மணந்தவர், மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் மகன் கிரெகரி. கிரெகரியின் தாத்தாவோ புட்னியில் மது வடித்தும் கொல்லு வேலை செய்தும் பிழைத்தவர். லயோனலுக்குப் பின்வரும் ஏழு பேரில் ஆறு பேர் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டமும் நிலமும் மூத்த மகனோடு தங்கிவிட, இளைய மகன்களின் மகள்கள் வழக்கறிஞர்களையும் வணிகர்களையும் குருமார்களையும் மணந்து, இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள். ஆகவே தந்தைவழிக் குடும்பப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறவர், தம் மூதாதையரில் மிகச் சிறிய பங்கையே பார்க்கிறார்.

இத்தகைய தொடர்பு அரிதானதும் அல்ல. இருபது தலைமுறை பின்னோக்கிச் சென்றால் மூதாதையருக்கான இடங்கள் 10,48,576. இருபத்திரண்டு தலைமுறை சென்றால் 41,94,304. 14ஆம் நூற்றாண்டின் பெருங்கொள்ளைநோய்க்குப் பின் இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 லட்சம்தான் என்பதால், ஒரே மனிதர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டும். பல தலைமுறை ஆங்கிலேயப் பின்னணி கொண்ட எவருக்கும் எட்வர்டு மூதாதையாக இருப்பது ஏறக்குறைய உறுதி. அந்தப் பல்லாயிரம் வழிகளில் ஒன்றையாவது ஆவணத்தோடு நிறுவ முடிகிறதா என்பதே நம்முடைய வேலை.

என் மனைவியின் குடும்பம் சஃபோக் பகுதியைச் சேர்ந்தது. எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய முதல் மூதாதையின் சொந்த ஊரை அங்கே கண்டுபிடித்துவிட்டால், மேற்கொண்டு செய்யவேண்டியவை எல்லோருக்கும் ஒன்றே.

தேடலை எப்போதும் தன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கியே நகர்த்த வேண்டும். புகழ்பெற்ற ஒருவரிடமிருந்து கீழே இறங்கிவர முயல்வது, வேண்டியதை வலிந்து நிறுவுவதில்தான் முடியும். இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும், திருமணச் சான்றிதழில் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். 1851 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் பிறந்த ஊரையும் குறிப்பிடுகின்றன. இந்தக் கட்டத்தைச் சில வாரங்களில் கடந்துவிடலாம்.

அதற்கு முன்னே செல்லத் துணை நிற்பவை பங்குக் கோவில் (அதாவது அந்தந்த ஊர்த் தேவாலய) பதிவேடுகள். ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் பதிய வேண்டும் என்று 1538இல் ஆணையிட்டவர், மேலே சொன்ன அதே தாமஸ் கிராம்வெல்தான். இங்கேதான் பெரும்பாலான கொடிவழிகள் தவறிப் போகின்றன. பதிவில் ‘ஜானின் மகன் வில்லியம்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லாதபோது, அந்த வில்லியம்தான் இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பக்கத்து ஊரில் மணம் முடித்தவர் என்று எப்படிச் சொல்வது? நான் ஒரு குளிர்காலம் முழுவதும் அப்படி ஒருவருடைய முன்னோரைத் தேடி ஏறினேன். பிறகுதான் அதே ஏட்டில், சில பக்கங்கள் தள்ளி, அந்தக் குழந்தை மூன்று மாதத்தில் அடக்கம் செய்யப்பட்ட வரியைக் கண்டேன். அன்று முதல், ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்தவுடன் அடுத்த பத்து ஆண்டு அடக்கப் பதிவுகளைப் படிக்காமல் நான் நகர்வதில்லை. சுற்றியுள்ள ஊர்களில் அதே பெயருள்ள அனைவரையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவராக விலக்கிய பிறகு எஞ்சுபவரை மட்டுமே ஏற்பது நல்லது. 1752 வரை அங்கே ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது என்பதையும் மறக்கலாகாது: பழைய ஏட்டில் 1640 பிப்ரவரி என்றிருந்தால், நம் கணக்கில் அது 1641.

பதிவேடு மௌனம் காக்கும் இடத்தில் உயில் பேசும். சொத்துள்ளவர்கள் பலருடைய உயில்களை 1858 ஜனவரி வரை கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம் ஏற்றுப் பதிந்தது. அவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மகள், மருமகன், பேரப்பிள்ளை, சகோதரியின் மகன் என்று உறவு சொல்லிச் சொத்தைப் பகிரும் ஒரு பக்க உயில், பத்து ஞானஸ்நானப் பதிவுகளுக்குச் சமம் என்பது என் எண்ணம். திருமணமாகாத அத்தைகளின் உயில்களைத் தவறாமல் படியுங்கள். அவர்கள்தாம் எல்லோரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள்.

இப்படி ஏறும்போது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாயிற்படி போன்ற ஒரு மூதாதையைத் தேடுகிறோம்: இப்பக்கம் சாதாரணக் குடும்பம், அப்பக்கம் ஆய்வாளர்கள் முன்பே நிறுவிவைத்த பிரபு வம்சம். ஏட்டில் பெயரோடு ‘ஜென்டில்மேன்’, ‘எஸ்கொயர்’ என்ற அடைமொழியோ, பெயருக்கு முன் ‘மிஸ்டர்’ என்றோ இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்; அக்காலத்தில் அவை எல்லோருக்கும் எழுதப்படவில்லை. லண்டன் வணிகச் சங்கங்களில் தொழில் பழகச் சேர்ந்தவர்களின் பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் நிலையும் இருக்கும். நிலக்கிழார்களின் இளைய மகன்கள் அவற்றில் ஏராளம். 1530 முதல் 1688 வரை குலச்சின்னம் (பிரபுக் குடும்பங்களின் கேடய முத்திரை) யாருக்கு உரியது என்று சரிபார்க்கும் அரசு அதிகாரிகள் ஒவ்வொரு வட்டாரமாகச் சென்று குடும்பங்களின் வம்சாவளியைக் குறித்துக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை 1869இல் தொடங்கிய ஹார்லியன் சங்கம் அச்சிட்டது. அந்த ஏடுகளில் தகவல் சொன்னவரின் பெற்றோர், தாத்தா வரை நம்பலாம். அதற்கு மேலுள்ளவை குடும்பப் பெருமைக்காகச் சொன்னவையாகவும் இருக்கக்கூடும்.

வாயிற்படியைக் கடந்த பின் கைகொடுப்பவை நில ஆவணங்கள். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், அரசு அதிகாரி உள்ளூர்ச் சான்றோரைக் கூட்டி, எவ்வளவு நிலம், எந்த நாளில் இறப்பு, வாரிசு யார், வயது என்ன என்று விசாரித்து லத்தீனில் எழுதி அனுப்பினார். 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான இந்த விசாரணைகளில் பலவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள் அச்சில் கிடைக்கின்றன. வாரிசு உரிய வயதை அடைந்ததை நிறுவ நடந்த தனி விசாரணைகளில், அதே நாளில் தன் மகனும் பிறந்தான், தன் வீடு எரிந்தது என்று ஊர்க்காரர்கள் சொன்ன சாட்சியங்களைப் படிக்கையில், அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிராமத்தின் குரல் நம் காதில் விழும்.

மரபணுச் சோதனை இவ்வளவு தொலைவுக்கு உதவாது. பத்துத் தலைமுறைக்கு மேற்பட்ட மூதாதையருள் பெரும்பாலோரிடமிருந்து நம் உடலில் ஒரு துணுக்குகூட எஞ்சுவதில்லை. சோதனையின் பயன், அண்மைய ஐந்தாறு தலைமுறைகளைச் சரிபார்ப்பதில்தான். லெஸ்டரில் 2012இல் தோண்டியெடுத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அவருடைய தாய்வழி மரபணு, அவர் சகோதரியின் பெண்வழிச் சந்ததியோடு பொருந்தியது. தந்தைவழி மரபணுவோ, ஏட்டின்படி ஒரே ஆண்வழியில் வந்த இன்றைய உறவினர்களோடு பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில், ஏட்டில் உள்ள தந்தை உண்மைத் தந்தையாக இல்லை. ஆகவே நாம் நிறுவுவது ஆவணவழி உறவையே என்பதை வெளிப்படையாக எழுதிவையுங்கள்.

இணையத்தில் முழுதாகக் கிடைக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். அமெரிக்காவில் குஸ்டாவ் ஆஞ்சூ (1863–1942) என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகளை எழுதி விற்றார். அவை இன்றும் மரத்துக்கு மரம் நகலெடுக்கப்படுகின்றன. குடும்பப்பெயரைச் சொன்னால் குலச்சின்னம் தருவதாகச் சொல்லும் கடைகளையும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியதேயன்றி, பெயருக்கு உரியதன்று. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தாள் வைத்து, மகள் இன்னாருடைய மகளே என்று காட்டும் ஆவணம் எது, அது எங்கே உள்ளது, அதற்கு முரணானது எது என்று எழுதுங்கள். பிறகு எல்லாத் தாள்களையும் வரிசையாக வைத்து வயதுகளைக் கணக்கிடுங்கள். ஒன்பது வயதில் தாயானவரோ, இறந்து மூன்றாண்டு கழித்துத் தந்தையானவரோ தென்பட்டால், அந்தத் தாளிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.