ஆய்வுத் திட்டம் போடுவது எப்படி: காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்து

முதுநிலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டுக்கோ திட்டம் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. தலைப்புப் பக்கம் எப்படி இருக்க வேண்டும், முன்னுரை எத்தனை பக்கம் என்பதெல்லாம் உங்கள் துறையின் கையேட்டிலேயே இருக்கும். அதை நான் தொடப் போவதில்லை. என் ஆய்வில் வேலையைவிடக் காத்திருப்புதான் அதிக நாட்களைத் தின்றது. அதனால் இந்தப் பதிவும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"இணையவழிக் கல்வியும் மாணவர் கற்றலும்" என்பது தலைப்பு. அதை வைத்து ஒரு நூலகத்தையே நிரப்பலாம். ஓர் ஆய்வேட்டை முடிக்க முடியாது. "பாடக் காணொளிகளை மட்டும் பார்த்துப் படித்த முதலாண்டு மாணவர்களுக்கும் வகுப்புக்கு வந்து படித்தவர்களுக்கும் ஒரே தேர்வில் மதிப்பெண் வேறுபடுகிறதா?" என்பது கேள்வி. யாரை, யாரோடு, எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. இலக்கியம், வரலாறு படிப்பவர்களுக்கும் இதே கதைதான்: எந்தப் பனுவல்கள், எந்தக் காலம், அவற்றில் எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வர வேண்டும்.

கேள்வி கிடைத்ததும் ஒரு சோதனை வையுங்கள். விடை "வேறுபாடு இல்லை" என்று வந்தால் எழுத விஷயம் இருக்குமா? "ஆம்" என்ற விடைக்கு மட்டுமே மதிப்புள்ள கேள்வி என்றால், அது ஆறு மாதம் கழித்து உங்களை நடுத்தெருவில் விட்டுவிடும். மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: முடிவு அட்டவணையை இப்போதே வரையுங்கள், எண்கள் இல்லாமல்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தரவு எதுவும் கையில் இல்லாதபோதே, கடைசியில் ஆய்வேட்டில் வரப்போகும் அட்டவணையை வெறும் கட்டங்களாக வரையுங்கள். மேலே உள்ள கேள்விக்கு: ஒரு வரிசை காணொளி மாணவர்கள், இன்னொரு வரிசை வகுப்பு மாணவர்கள், பத்திகளில் எண்ணிக்கை, சராசரி மதிப்பெண், பரவல்.

வரைந்து முடித்ததும் ஒன்று உறுத்தும். வகுப்புக்குத் தவறாமல் வருபவர்கள் முன்பே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளாக இருந்தால்? அப்போது வேறுபாடு வகுப்பால் வந்ததா, மாணவரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஆக, முந்தைய தேர்வு மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி வேண்டும். அந்தப் பத்திக்குத் தரவு யாரிடம் இருக்கிறது? தேர்வுப் பிரிவிடம். கேட்டால் கொடுப்பார்களா? எழுத்தில் அனுமதி வேண்டும். ஒரு காலிக் கட்டத்திலிருந்து ஓர் அனுமதிக் கடிதம் முளைத்துவிட்டது பாருங்கள். இதைத் தரவு சேகரித்து முடித்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போது கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

எத்தனை பேர் வேண்டும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது, நடுத்தர அளவு வேறுபாட்டை (திட்ட விலக்கத்தில் பாதி) 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டும், முக்கியத்துவ அளவு (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிட நாம் அனுமதிக்கும் வாய்ப்பு) வழக்கமான 0.05 என்றால், குழுவுக்கு 64 பேர் தேவை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் இதைச் சில நொடியில் சொல்லிவிடும். "முப்பது பேர் போதும்" என்று யாராவது சொன்னால், எதற்குப் போதும் என்று பணிவாகக் கேளுங்கள்.

படி 3: முந்தைய ஆய்வுகள்

இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். நல்ல கட்டுரை ஒன்றைப் பிடித்து, அது மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குப் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவற்றுக்கு முன்னோக்கியும் போங்கள். புதிதாக எடுக்கும் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பவையே வரத் தொடங்கினால், திட்டம் எழுதும் அளவுக்குப் படித்தாயிற்று. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோவைத்தான் சொல்வேன். 2006-இலிருந்து இருக்கும் திறமூல மென்பொருள், இலவசம். மெண்டலியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2013-இல் அதை எல்செவியர் பதிப்பகம் வாங்கிவிட்டது. என் குறிப்புகள் ஒரு பதிப்பகத்தின் கையில் இருப்பதில் எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். ஸோட்டெரோவில் இலவசமாகக் கிடைக்கும் இணையச் சேமிப்பிடம் 300 எம்பி மட்டுமே. பிடிஎஃப் கோப்புகள் அதைச் சீக்கிரமே நிரப்பிவிடும். கோப்புகளைக் கணினியில் வைத்து, மேற்கோள் விவரங்களை மட்டும் இணையத்தில் ஒத்திசைக்கலாம். தானாக இறங்கும் விவரங்களை அப்படியே நம்பாதீர்கள். தலைப்பெழுத்தோடு எழுதப்படும் பெயர்களை அது அடிக்கடி தலைகீழாக்கிவிடும்.

படி 4: நெறியாளரிடம் கேட்க வேண்டியவை

முதல் சந்திப்பில் ஆய்வைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடுவது வழக்கம். வேலை நடக்கும் விதத்தைப் பற்றியும் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம்? ஓர் இயலைக் கொடுத்தால் படித்துத் தர எவ்வளவு நாள் ஆகும்? தாளில் வேண்டுமா, வேர்ட் கோப்பா? வரும் ஆண்டில் நீண்ட விடுப்போ வெளியூர்ப் பணியோ உண்டா? ஆய்விலிருந்து கட்டுரை வந்தால் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கும்?

கடைசிக் கேள்வியைக் கேட்க வாய் வராது. "சார், எங்கள் துறையில் இதற்கு என்ன வழக்கம்?" என்று வழக்கத்தைக் கேட்பதாகக் கேட்டால் சங்கடம் இல்லாமல் பதில் கிடைக்கும்.

சந்திப்பு முடிந்த அன்றே பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: என்ன முடிவானது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். ஐந்து வரி போதும். மூன்று மாதம் கழித்து "இதை நான் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வரும்போது, அந்த ஐந்து வரியைவிடப் பெரிய துணை இல்லை.

படி 5: காலக் கணக்கு (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

பெரும்பாலான திட்டங்களில் கான்ட் வரைபடம் ஒன்று கேட்பார்கள்: ஒவ்வொரு வேலையையும் காலக்கோட்டின் மேல் ஒரு பட்டையாகக் காட்டும் படம். 1910-களில் ஹென்றி கான்ட் தொழிற்சாலை வேலைகளுக்காகப் பரப்பிய முறை அது. படிவத்தில் கேட்டால் வரைந்து கொடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு அது போதாது. "தரவு சேகரிப்பு, எட்டு வாரம்" என்று ஒரு நீளமான பட்டை இருக்கும். அந்த எட்டு வாரத்தில் நீங்கள் வேலை செய்வது எத்தனை, யாருடைய கையெழுத்துக்காகவோ காத்திருப்பது எத்தனை என்று அந்தப் பட்டை சொல்லாது.

எக்செலில் நான்கு பத்திகள் போடுங்கள்: வேலை, இப்போது யார் கையில், என் வேலை நாட்கள், காத்திருப்பு நாட்கள். நம் எடுத்துக்காட்டில் தேர்வுப் பிரிவு அனுமதி என்ற வரியைப் பாருங்கள். கடிதம் எழுத ஒரு நாள். நெறியாளர் கையெழுத்து, துறைத் தலைவர் வழியாக அனுப்புதல், அங்கே கோப்பு நகர்தல் எல்லாம் சேர்த்து மூன்று வாரம் என்று வையுங்கள். உங்கள் வேலை ஒரு நாள், காத்திருப்பு இருபது நாள். இந்த மாதிரி வரிகளைத்தான் திட்டத்தின் தொடக்கத்துக்கு இழுத்து வர வேண்டும். அனுமதிக் கடிதத்தை அனுப்பிவிட்டு முந்தைய ஆய்வுகளைப் படிக்கலாம். படித்து முடித்துவிட்டுக் கடிதம் அனுப்பினால், அந்த இருபது நாளும் சும்மா போகும்.

மனிதர்களிடமிருந்து தரவு திரட்டுபவர்களுக்கு மிக நீளமான காத்திருப்பு அறநெறிக் குழுவின் ஒப்புதல்தான். மனிதர்கள் மீது நடத்தும் ஆய்வுகளுக்கு வரம்பு வகுத்த 1947-இன் நியூரம்பெர்க் நெறிகள், 1964-இன் ஹெல்சிங்கிப் பிரகடனம் என்று கசப்பான வரலாற்றிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. வெறும் படிவம் என்று நினைக்க வேண்டாம். குழு எப்போது கூடுகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். விண்ணப்பக் கெடுவை ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் முதல் சுற்றில் திருத்தம் கேட்பார்கள், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். ஒப்புதலுக்கு முன்பே திரட்டிய தரவை, பின்னால் வந்த ஒப்புதலைக் காட்டிச் சரிசெய்ய முடியாது. "சும்மா பத்துப் பேரிடம் கேட்டுப் பார்க்கிறேனே" என்பதும் இதில் அடக்கம்.

அப்புறம், நாட்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முன் ஆய்வேட்டை பைண்டிங் செய்வது, அதற்கு முன் ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்து அப்படியே வந்திருக்கிறதா என்ற சரிபார்ப்பு), அதற்கு முன் நெறியாளர் முழு வரைவையும் படிக்கும் காலம், அதற்கு முன்புதான் உங்கள் எழுத்து. இப்படி எண்ணி வரும்போது தரவு சேகரிப்பு போன வாரமே தொடங்கியிருக்க வேண்டும் என்று வந்தால், கேள்வியைச் சுருக்குங்கள். காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் திட்டம் போடாதீர்கள்.

நம் கணக்கே எவ்வளவு தப்பும் என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்டது. உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது, மிக மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை. எனவே உங்கள் மனக்கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் துறையில் அண்மையில் முடித்த மூன்று நான்கு பேரிடம் கேளுங்கள். "எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்காதீர்கள், "உங்களுக்கு எவ்வளவு நாள் ஆனது?" என்று கேளுங்கள். அந்த எண்ணைத் திட்டத்தில் போடுங்கள்.

படி 6: சிறிய ஒத்திகை

ஒப்புதல் வந்ததும் முழுத் தரவையும் திரட்டப் பாயாமல், சிறிய அளவில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை ஓட்டுங்கள். வினாத்தாள், உள்ளிடுதல், கணக்கீடு, படி 2-இல் வரைந்த காலி அட்டவணையை நிரப்புதல் வரை. எங்கே இடிக்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். பெயர் தெரியும் தரவாக இருந்தால் எங்கே வைக்கலாம் என்பதை ஒப்புதல் கடிதத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்ட இரண்டு விஷயங்களை இங்கே சேர்க்கிறேன்.

"நான் பயன்படுத்துவது பொதுவில் கிடைக்கும் தரவு, எனக்கு ஒப்புதல் வேண்டாம்தானே?" வேண்டாம் என்று முடிவுசெய்பவர் பல இடங்களில் நீங்கள் அல்ல, குழுதான். விலக்கு அளிப்பதாக ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். இதழ்களும் பின்னால் அதைக் கேட்கலாம்.

இரண்டு நெறியாளர்கள் இருந்து, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தால்? தனித்தனியாகப் போய்ச் சமாதானம் பேசும் தூதராக மாறாதீர்கள். இரண்டு கருத்தையும் அருகருகே எழுதி, எதைத் தேர்ந்தெடுக்க நினைக்கிறீர்கள், ஏன் என்பதையும் சேர்த்து, இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவர்கள் பதில் தரும் வரை அந்த வரியின் "இப்போது யார் கையில்" பத்தியில் அவர்கள் பெயர் இருக்கட்டும். நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விடலாம்.