குளக்கரைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்த சூட்டோடு ஜூன் 5 வந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் நாளை வகுப்பறைக்கு வெளியே கொண்டாட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், மாணவர்களைக் குமரி மாவட்டத்தின் தேரூர்க் குளத்துக்கு அழைத்து வந்த ஒரு குழுவுடன் நானும் சென்றிருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் அந்த நாட்களில், வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை குளத்தில் இருப்பதில்லை. “வெளிநாட்டுப் பறவை எங்கே சார்?” என்று ஒரு சிறுமி கேட்டபோது, நீர்க்காகத்தையும் நீலத் தாழைக்கோழியையும் காட்டிச் சமாளித்தோம். அந்த இரண்டைப் பற்றிப் பேசவே ஒரு காலைப் பொழுது போதாது. ஆனால் பேருந்தில் வரும்போது நாங்கள் ஆசை காட்டியிருந்தது வேறு பறவைகளை. அரசு நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துவிட்டு அதற்கேற்ற இடத்தைத் தேடுவதே இத்தகைய நிகழ்ச்சிகளில் நேரும் முதல் தவறு.

குமரி மாவட்டத்துக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. இரண்டு பருவமழைகளையும் பெறும் இந்த மண்ணில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு நெற்பருவங்கள் நடக்கின்றன. வலசைப் பறவைகள் பெரும்பாலும் கும்பப்பூ வயலில் இருக்கும் மாதங்களில் வந்து தங்குகின்றன. எனவே பறவை பார்க்க வேண்டுமானால் பொங்கல் விடுமுறையோ, உலக ஈரநில நாளான பிப்ரவரி 2-ஐ ஒட்டிய வாரமோ பொருந்தும். ஜூன் மாதத்தில்தான் வெளியே போக வேண்டும் என்றால், தவளைகளின் குரலையும் மடையில் ஏறும் நீர்மட்டத்தையும் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

நான் மிகப் பெரிய தவறாகக் கருதுவது, ஒரு நாள் பயணத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதைத்தான். சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பள்ளிகளும் அங்கேயே பேருந்தைத் திருப்புகின்றன. அதே வேளையில், பள்ளிச் சுவரை ஒட்டிக் கிடக்கும் குளம் ஆகாயத்தாமரையால் மூடிக்கிடப்பதை யாரும் பாடமாக எடுப்பதில்லை. பட்டியலில் உள்ள குளம்தான் இயற்கை, நம் ஊர்க் குளம் வெறும் குளம் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் விழுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது.

மாறாக, நடந்தே போகக்கூடிய ஒரு குளத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை, அதே கரையில், அதே இடத்தில் அரை மணி நேரம் நிற்க வைத்துப் பாருங்கள். மடைப் படிகளில் எத்தனை நீருக்கு மேலே தெரிகின்றன, மறுகால் பாய்கிறதா, எந்த ஓடையிலிருந்து சாக்கடை கலக்கிறது, நத்தைகுத்தி நாரைகள் எத்தனை, தாமரை எந்தப் பக்கம் சுருங்குகிறது என்று ஒரே நோட்டில் எழுதிவந்தால், ஆறாவது மாதத்தில் மாணவரே முந்தைய பக்கங்களைப் புரட்டிக் கேள்வி கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வி ஆசிரியருக்குத் தெரியாததாகவும் இருக்கலாம்; தெரியாது என்று சொல்லத் தயங்குவதும் ஒரு தவறே.

மரக்கன்று நடுவதைக் கல்வி என்று எண்ணிக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளத்தின் நீர்ப்பிடிப்புக்குள் கன்று நட்டால் அந்த ஈரநிலத்துக்குத் தீங்குதான் விளையும். மணக்குடிக் காயலின் அலையாத்திச் செடிகளோ உவரும் நன்னீரும் கலந்து ஏறி இறங்கும் சேற்றில் வாழ்பவை; புகைப்படத்துக்காகக் கண்ட இடத்தில் ஊன்றினால் அவை நிற்பதில்லை.

கடற்கரையில் செய்யும் பிழைக்கு விலை அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தார்கள். நம் கரையில் கள்ளக்கடல் என்று சொல்லப்படும் பெருக்கம், தொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலைகள் இங்கு வந்து சேர்வதால் உண்டாவது. இங்கே காற்றும் இல்லாமல், வானமும் தெளிந்திருக்கும்போதே அது வரக்கூடும். ஆகவே வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், புறப்படும் நாளின் காலையில் கடல்நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசு மையத்தின் எச்சரிக்கையைப் பார்ப்பதும், கரையில் உள்ள மீனவரிடம் கேட்பதும், எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே கைவிடுவதும் பொறுப்பாளரின் கடமை. பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும்போது டார்ச் அடிப்பதும், அவற்றைக் கையில் ஏந்திப் படம் எடுப்பதும் கூடாது. வெளிச்சத்தை நோக்கித் திரும்பும் இயல்பு அவற்றுக்கு உண்டு. வடக்கே மலைப்பக்கம் போவோர், வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை என்பதைக் கீரிப்பாறைச் சோதனைச் சாவடியில் போய் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளக் கூடாது.

மீனவரையும் மலைவாழ் பழங்குடியினரான காணி மக்களையும் “விழிப்புணர்வு பெற வேண்டியவர்கள்” என்று முன்வைக்கும் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது. கடற்கரை ஊர் மாணவன் தன் தாத்தாவிடம் கேட்டு வந்ததை, வந்த நிபுணர் இடைமறித்துத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சாளரைக் குறைத்துவிட்டு ஒரு படகோட்டியை உட்கார வையுங்கள். ஒரே மாவட்டத்தில், சின்னமுட்டத்தின் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் குளச்சலின் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடை ஏன் வேறுபடுகிறது என்று மாணவர்கள் அவரிடம் கேட்கட்டும். அவர் காற்றையும் கடலையும் மீன் சினைப்படும் காலத்தையும் சொல்லிக்கொண்டு போகும்போது, ஆசிரியரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம்.