மறுவிசாரணையில் சாட்சியத்தை ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி, வழக்கு மறுபடி ஜூரி (பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு) முன் வரும்போது நடக்கும் தவறுகளில் மோசமானது, அரசுத் தரப்பு வலுவாக இருக்கிறது என்பதற்காகவே எதிர்த்தரப்பின் சாட்சியத்தை ஒதுக்கிவிடுவது.

ஹோம்ஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தென் கரோலினாவில் 1989-ல் 86 வயது மூதாட்டி ஒருவர் தாக்கப்பட்டார். பிறகு இறந்தும் போனார். மறுவிசாரணையில், குற்றம்சாட்டப்பட்ட ஹோம்ஸ், குற்றத்தைச் செய்தது வேறொருவர் என்று காட்டச் சாட்சிகளைக் கொண்டுவந்தார். அந்த ஆளே தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவும் ஆள் இருந்தது. ஆனால் நீதிபதி அனுமதிக்கவில்லை. கைரேகை, டிஎன்ஏ எல்லாம் ஹோம்ஸைக் காட்டும்போது இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பில்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம். 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாகத் தள்ளியது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு மறுதரப்பு பலவீனம் என்று எப்படி முடிவு செய்வது? அதுவும் அந்தத் தடயங்களையே போலீஸ் சரியாகக் கையாளவில்லை என்று ஹோம்ஸ் வாதாடிக்கொண்டிருந்தார். தன் தரப்பை முழுமையாகச் சொல்லும் வாய்ப்பு கிடைக்காத விசாரணையை நியாயமான விசாரணை என்று என்னால் ஏற்கவே முடியாது.

வாக்குமூலம் ஒதுக்கப்பட்டால் ஆள் விடுதலை என்று நினைப்பதும் தவறு. உரிமைகளை எடுத்துச் சொல்லாமல் போலீஸ் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று 1966-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற மிராண்டாவுக்கு அடுத்த ஆண்டே மறுவிசாரணை நடந்தது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் இல்லாமலே, அவருடன் வாழ்ந்த பெண்ணின் சாட்சியத்தோடு, மறுபடி தண்டனை கிடைத்தது. சாட்சியம் போதவில்லை என்பதற்காகத் தண்டனை ரத்தானால்தான் மறுவிசாரணைக்கு இடமில்லை. இது 1978-ல் பர்க்ஸ் வழக்கில் தீர்மானமானது.

சரி, முதல் விசாரணையில் குற்றம்சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறிச் சொன்னது? பொதுவாக அதை மறுவிசாரணையில் பயன்படுத்தலாம். ஆனால் சட்டவிரோதமாகப் பெற்ற வாக்குமூலத்துக்குப் பதில் சொல்லத்தான் அவர் வாய் திறக்க வேண்டியிருந்தது என்றால் கூடாது என்று 1968-ல் ஹாரிசன் வழக்கில் தீர்ப்பானது. இதைக் கவனிக்காமல் விடும் வக்கீல்கள் கட்சிக்காரருக்குப் பெரிய தீங்கு செய்கிறார்கள்.

அப்புறம், போன தடவை சொன்ன ஆட்சேபணையே போதும் என்று இருந்துவிடக் கூடாது; புது விசாரணையில் அதை மறுபடி எழுப்ப வேண்டும். சாட்சியத்தை நீதிபதி ஒதுக்கினால், அந்தச் சாட்சி என்ன சொல்லியிருப்பார் என்பதை ஜூரி இல்லாத நேரத்தில் பதிவு செய்துவிட வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், ஒதுக்கியதால் என்ன பாதிப்பு என்று மேல்முறையீட்டில் காட்டுவது மிகக் கடினம்.