மதர்போர்டை மாற்றும் முன் உங்கள் விண்டோஸ் லைசென்ஸ் எந்த ரகம் என்று பாருங்கள்

ஐப்பசி மழையில் இடி விழுந்து என் டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. புது போர்டு மாட்டி ஆன் செய்தால் ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு எழுத்து, எதைத் திறந்தாலும் அதன் மேலேயே நிற்கிறது. கடையில் இருந்த தம்பி, “ஃபார்மட் போட்டு ஆக்டிவேட் பண்ணித் தர்றேன் சார், ஐந்நூறு ரூபாய்” என்றார். சரி என்றேன். ஆறு மாதம் கழித்து அதே மூலையில் அதே எழுத்து. அப்புறம்தான் உட்கார்ந்து துருவிப் பார்த்தேன். நான் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் கார்டு பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. அதை வைத்தே வீட்டில் பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஃபார்மட்டும் வேண்டாம், ஐந்நூறும் வேண்டாம்.

என்னை மாதிரி ஏமாறாமல் இருக்க முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் லைசென்ஸ் எந்த ரகம் என்பது. இது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து, பிறகு ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, அதை ஒட்டியே டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடி ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். பிறகு ஒரு சாம்பல் பெட்டி வரும். அதன் இரண்டாவது வரியில், டிஸ்கிரிப்ஷன் என்ற இடத்தில், கடைசியாக ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஓஇஎம் என்று தொடங்கினால் அது கம்ப்யூட்டரோடு கூடவே வந்த லைசென்ஸ். ரீட்டெய்ல் என்றால் தனியாக வாங்கியது. வால்யூம் என்று தொடங்கினால் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் ரகம். வேலை செய்யும் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் வால்யூம் இருந்தால் அது இயல்பு. வீட்டு மெஷினில் இருந்தால் கடையில் ஏதோ வேலை காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதே ரன் பெட்டியில் டி, எல், ஐ என்பதற்குப் பதில் எக்ஸ், பி, ஆர் என்று அடித்தால் ஆக்டிவேஷன் நிரந்தரமா அல்லது இந்தத் தேதி வரைதானா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் அடித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ‘ஆக்டிவ்’ என்று பச்சை டிக்கோடு அழகாகத்தான் காட்டும், தேதி வைத்ததும் அப்படித்தான் காட்டும்.

என் மெஷினில் வால்யூம் என்று காட்டியது. ஏன் ஆறு மாதம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேராக மைக்ரோசாஃப்ட்டிடம் போய் ஆக்டிவேட் ஆவதில்லை, அலுவலகத்துக்குள்ளேயே கேஎம்எஸ் என்ற ஒரு சர்வர் இருக்கும், அதுதான் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கும். குறைந்தது 25 கம்ப்யூட்டர் வந்து கேட்டால்தான் அந்த சர்வர் வேலையே தொடங்கும். அது கொடுக்கும் அனுமதி 180 நாள் செல்லும், கம்ப்யூட்டர் 7 நாளுக்கு ஒரு முறை போய்ப் புதுப்பித்துக்கொள்ள முயலும். வேலையை விட்டுப் போனவர் அலுவலக லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்விட்டால் ஆறு மாதத்தில் அனுமதி தானாகக் காலாவதி ஆக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கடைகளில் போடும் ஆக்டிவேட்டர் என்பது இந்த சர்வர் மாதிரியே நடிக்கும் ஒரு குட்டி ப்ரோகிராம். அது உள்ளே இருக்கும் வரை புதுப்பித்துக்கொண்டே இருக்கும். விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு அதைக் கண்டுபிடித்துத் தூக்கிவிட்டால் புதுப்பிக்க ஆளில்லை, 180 நாள் முடிந்ததும் சாம்பல் எழுத்து வந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

இதில் இன்னொரு வில்லங்கம். அந்த ப்ரோகிராம் பிழைக்க வேண்டும் என்பதற்காக டிஃபெண்டரை நிறுத்தி வைப்பார்கள், அல்லது ஒரு ஃபோல்டரை மட்டும் சோதிக்காதே என்று விலக்கு கொடுத்து வைப்பார்கள். என் மெஷினிலும் அந்த விலக்கு அப்படியே இருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். நீங்கள் போடாத விலக்கு ஏதாவது இருந்தால் நீக்குங்கள், நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். என்னைக் கேட்டால், நெட் பேங்கிங் செய்யும் மெஷினாக இருந்தால் அதோடும் நிறுத்தாமல் டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போட்டுவிடுவேன்.

சரி, ரகம் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்பது அந்த ரகத்தைப் பொறுத்தது.

ஓஇஎம் என்றால் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டிப்போட்டது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து லேப்டாப்களில் கீயை (ஆக்டிவேட் செய்ய அடிக்கும் 25 எழுத்துக் குறியீட்டை) ஸ்டிக்கராக அடியில் ஒட்டுவதில்லை, போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் சிப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். இதில் ஒரு நன்மை இருக்கிறது: ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும், ரேம் கூட்டினாலும், எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், கீ எதுவும் கேட்காது. ஆகவே ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாட்டும்போது ‘ஆக்டிவேஷன் சார்ஜ்’ என்று யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். போர்டே போனால்தான் சிக்கல். சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றினால், பழைய கீயைப் புதுப் போர்டிலும் ஏற்றித் தருவீர்களா என்று வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டு வாங்குங்கள். இந்த லைசென்ஸை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக முடியாது.

ரீட்டெய்ல் என்றால் நீங்கள் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே வரும், ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும். பழையதை விற்பதற்கு முன் அதிலிருந்து கீயைக் கழற்றிவிடுங்கள்: கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, முன்பு அடித்த அதே ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, யு, பி, கே. பிறகு புது மெஷினில் செட்டிங்ஸ், சிஸ்டம் (விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி), ஆக்டிவேஷன் என்று போய் சேஞ்ச் ப்ராடக்ட் கீயில் அந்தக் கீயை அடித்தால் முடிந்தது. ஹோம் பதிப்பின் கீ ஹோமுக்குத்தான், ப்ரோ பதிப்பின் கீ ப்ரோவுக்குத்தான், இதை மட்டும் மறக்காதீர்கள்.

இந்த ஹோம், ப்ரோ விஷயத்தில் பலரும் மாட்டுவது ஒரு இடத்தில். ஃபர்ம்வேரில் ஹோம் கீ இருக்கும் லேப்டாப்பில் பென்டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டால், இன்ஸ்டாலர் உங்களை எதுவும் கேட்காமல் ஹோமையே போட்டுவிடும். நீங்கள் தனியாக ப்ரோ வாங்கி வைத்திருந்தால் பதறாதீர்கள், ஹோம் போட்டு முடிந்த பிறகு ப்ரோ கீயை அடித்தால் அங்கேயே ப்ரோவாக மாறிக்கொள்ளும்.

மதர்போர்டு மாற்றப் போகிறீர்கள், பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் இன்றே மூன்று வேலை செய்யுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிஜிட்டல் லைசென்ஸ், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு இணைக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அக்கவுன்ட்டைச் சேர்த்து இணையுங்கள். இரண்டாவது, கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வையுங்கள். இது எதற்கு என்று நினைப்பீர்கள். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர் டெஸ்க்டாப் என்று தொடங்கி பின்னால் ஏதோ கலவை எழுத்தாக இருக்கும், நாளைக்கு உங்கள் அக்கவுன்ட்டில் உள்ள மெஷின்களின் பட்டியலைக் காட்டி இதில் எது என்று கேட்கும்போது அந்த மாதிரி நான்கு பெயர் வரிசையாக நின்றால் தலை சுற்றும். மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது: பிட்லாக்கர். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ளே நுழைந்தால் பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. போர்டு மாறியதும் அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லை என்றால் லைசென்ஸ் என்ன, கல்யாண ஃபோட்டோவே போச்சு. அக்கவுன்ட்டில் அந்த எண் ஏறியிருக்கிறதா பாருங்கள், ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

போர்டு மாறிய பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் என்ற பட்டன் வரும். அதை அழுத்தினால் ‘சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதைத் தட்டி அக்கவுன்ட்டில் நுழைந்து, நீங்கள் பெயர் வைத்த மெஷினைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை ஆகாவிட்டால் கீயை நேராக அடித்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் ஆனது. இப்படி மாற்றிக்கொண்டே இருக்கவும் ஒரு வரம்பு உண்டு, அது தாண்டிவிட்டால் சப்போர்ட்டிடம் பேச வேண்டியதுதான்.

கீ இல்லாமலே ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஓடும். வால்பேப்பர், கலர், தீம் மாற்றும் பகுதி பூட்டிக்கொள்ளும், மூலையில் அந்த எழுத்து நிற்கும், அவ்வளவுதான். 2007-இல் விஸ்டா வந்தபோது இவ்வளவு தாராளம் கிடையாது. கெடுவுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் பிரவுசர் மட்டும் ஒரு மணி நேரம் திறக்கும், அப்புறம் வெளியே தள்ளிவிடும். ஒழுங்காகக் காசு கொடுத்தவர்களும் அதில் மாட்டிக் கத்தியதில், அடுத்த வருடம் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் அதை எடுத்துவிட்டு, கருப்புத் திரையும் நச்சரிப்பும் மட்டும் வைத்தார்கள். ஆனால் ஓடுகிறது என்பதற்காக லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தாதவர்களுக்குச் சிறை இல்லாமல் விடும் வழி அதிலேயே இருக்கிறது, கடையோ அலுவலகமோ நடத்துபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரிஜினல் வைத்திருந்தாலும் சில வரம்புகள் உண்டு, வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். நம் ஊரில் விற்கும் லேப்டாப் பலவற்றில் வருவது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. செட்டிங்ஸில் தமிழை டிஸ்ப்ளே மொழியாகச் சேர்க்கப் போனால், உங்கள் லைசென்ஸ் ஒரு மொழிக்குத்தான் என்று சொல்லிவிடும். தமிழில் டைப் செய்ய இதனால் ஒரு தடையும் இல்லை, தமிழ் 99 கீபோர்டு எப்போதும் போல வேலை செய்யும். எஸ் மோட் என்று போட்டிருந்தால் ஸ்டோரில் இருக்கும் ஆப் மட்டும்தான் போட முடியும், இலவசமாகவே அதிலிருந்து வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. ஹோமில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உங்கள் மெஷினுக்குள் வர முடியாது. ஒரு மெஷினை சர்வர் மாதிரி வைத்து அதிலிருந்து ஃபைலும் பிரிண்டரும் எடுக்க 20 கருவி வரைதான் அனுமதி, சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அவற்றில் பல, நிறுவனங்களுக்குக் கொடுத்த மொத்த கீயை வெளியே கசியவிட்டு விற்பது. ஒரு கீ எத்தனை மெஷின் வரை போகலாம் என்று கணக்கு உண்டு, அது தாண்டினாலோ மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தாலோ அந்தக் கீ செத்துவிடும். வேலை செய்துவிட்டாலும் அது உங்களுக்கு லைசென்ஸ் ஆகாது. பில் கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, பீரோவில் கிடைத்த அந்தக் கார்டில் கீ பாதி தேய்ந்திருந்தது, 25 எழுத்தையும் படிக்க டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. அப்போது தெரிந்துகொண்டது: விண்டோஸ் கீயில் ஆங்கில உயிரெழுத்து ஐந்துமே வராது, பூஜ்யம், ஒன்று, ஐந்து ஆகிய எண்களும் வராது, எல், எஸ், இசட் எழுத்துகளும் வராது. ஆகவே ஐந்து மாதிரியோ எஸ் மாதிரியோ தெரிந்தால் நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள், வட்டமாக இருப்பது பூஜ்யம் அல்ல, பெரும்பாலும் க்யூ. ஆனால் பி, 8 இரண்டுமே வரும், ஜி, 6 இரண்டுமே வரும். நான் மூன்று முறை தோற்றது அந்த ஜி-யில்தான்.